பொறியும் புலனும்



தமிழிலே 'பொறி' என்னும் சொல்லுக்குப் பல பொருள்கள் உண்டு. மெய், வாய், கண், மூக்கு, செவி என்னும் ஐந்தையும் ஐம்பொறி என்கிறோம். மனிதன் ஆக்கிய இயந்திரத்தையும் பொறி என்றே சொல்கிறோம். சீவக சிந்தாமணியில் விசயை ஏறிச் செல்வது மயிற்பொறி. பகைவனின் வெற்றிமுரசு கேட்டு அவள் மயங்கியதும் அப்பொறி சுடுகாட்டில் இறங்கிவிடுகிறது. செலுத்துபவளின் உடல் சோர்ந்தால் பொறியும் சோரும் என்பதைத் திருத்தக்கதேவர் உணர்த்திவிடுகிறார்.

இவ்விரு பொறிகளும் இசையிலும் ஆடலிலும் இணைந்தபோது நேர்ந்தது என்ன? இதுவே இன்றைய பேச்சின் பொருள்.

1920 அளவில் ருஷ்ய விஞ்ஞானி லியோன் தெரமின் ஓர் இசைக்கருவியை ஆக்கினார். அவர் பெயராலேயே அது வழங்குகிறது. அதில் தந்தி இல்லை, துளை இல்லை, தொடுவதற்கு எதுவுமே இல்லை. இரண்டு உலோக அலைவாங்கிகள் மட்டுமே உண்டு. ஒன்றின் அருகே வலக்கையை அசைத்தால் சுருதி மாறும். மற்றதன் அருகே இடக்கையை அசைத்தால் ஒலியின் அளவு கூடும், குறையும். மனித உடலே மின்சுற்றின் ஓர் உறுப்பாகிவிடுகிறது. விரல் ஒரு நூலிழை விலகினாலும் சுரம் பிசகும். வாசிப்பவர் சிலைபோல் நிற்கவேண்டும்.

இக்கருவிக்கு உயிர் தந்தவர் கிளாரா றொக்மோர். சிறு வயதிலேயே வயலினில் வியப்பூட்டிய அவர், கையில் ஏற்பட்ட குறைபாட்டால் வில்லைக் கைவிட நேர்ந்தது. இசையே வாழ்வென்றிருந்த ஒருவருக்கு அது எத்தகைய இழப்பு! தெரமின் கருவி அவருக்கு மறுவாழ்வு தந்தது. காற்றிலே விரல்களை அடுக்கிச் சுரம் பிடிக்கும் முறையொன்றை அவர் தாமே வகுத்தார். கருவியின் வீச்சை விரிக்குமாறும் கேட்டுக்கொண்டார். பொறி மனிதரைத் திருத்தியது. மனிதர் பொறியைத் திருத்தினார்.

தெரமின் அடுத்து ஆடலுக்கென ஒரு மேடையை அமைத்தார். அதன்மீது ஆடுபவரின் உடலசைவே சுரமாக ஒலிக்கும். 1932இல் நியூயோர்க் கார்ணகி மண்டபத்தில் அதை இயக்கிக் காட்டியவரும் றொக்மோரே. ஆடலில் வல்லவராயிருந்தால் மட்டும் அங்கே போதாது, செவியும் தேர்ந்திருக்கவேண்டும். முழங்கை சற்றுத் தாழ்ந்தாலும் அபசுரம் அரங்கெங்கும் கேட்கும்.

1965இல் அதே நகரில் மேர்ஸ் கனிங்ஹாமின் ஆடற்குழுவும் இசையமைப்பாளர் ஜோன் கேஜும் வேறொரு முயற்சியில் இறங்கினர். மேடையில் கம்பங்களும் ஒளியுணரிகளும் நாட்டப்பட்டன. ஆடுவோர் அவற்றை நெருங்கும்போது ஒலிகள் தூண்டப்பட்டன. ஆயினும் அவற்றைக் கலந்து வெளியிட்டவர்கள் மேடையருகே அமர்ந்திருந்த இசைஞர்கள். ஆடுபவர் ஒலியைத் தூண்டினார், ஆளவில்லை.

இங்கேதான் நாம் கேட்கவேண்டிய கேள்வி இருக்கிறது. பொறி புகுந்தால் கலை கெடும் என்று அஞ்சுவோர் உளர். வயலினும் ஒரு காலத்தில் நம் இசைக்கு அந்நியக் கருவியே. அது நம்முடையதானது, நம்மவர் கைகள் அதற்காக ஆண்டாண்டு உழைத்ததனால். ஆகவே, பொறி வந்ததா என்பதன்று கேள்வி. ஆடுபவரின் பிழை அங்கே பிழையாகவே கேட்கிறதா என்பதே கேள்வி.

இன்று மணிக்கட்டிலும் கணுக்காலிலும் உணரிகளைக் கட்டிக் கணினிவழி இசை எழுப்புகின்றனர். கால் எப்படி விழுந்தாலும் ஒலி இனிதாகவே வருமாறு அமைப்பதும் எளிது. அப்படி அமைந்தால் அங்கே ஆடுவது கணினிதான். உடல் வெறும் விசைப்பொத்தான். தாளம் தவறினால் தவறென்று காட்டும் பொறியே கலைஞனுக்கு உற்ற துணை. சலங்கை அதைத்தானே செய்கிறது? பிசகிய அடியை அது ஒருபோதும் மறைத்ததில்லை.

ஐம்பொறிகளும் விழித்திருக்கும் வரை, ஆறாவதாக ஒரு பொறி வந்து சேர்வதில் கலைக்குக் கேடில்லை. அவை உறங்கினால், விசையையின் மயில் இறங்கிய இடத்திலேயே நம் கலையும் போய் இறங்கும்.