போர்வைக்கும் தண்டம்

அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்தில் கிராண்ட்சு பாசு என்றொரு சிறுநகர். அங்கே பொதுவிடத்தில் போர்வை விரித்துத் துயின்றோர்க்கு 295 இடாலர் தண்டம் விதித்தனர். மீண்டும் மீண்டும் பிடிபட்டால் சிறை! படுக்க இடமற்றவன் எதை விற்று இறுப்பான்? நகராட்சி நடத்தும் உறைவிடம் ஒன்றேனும் இருந்ததா? இல்லை.

2013இல் ஊர் கூடிப் பேசிற்று. இங்கிருப்பது இடரானால் அவர்கள் தாமே வேறூர் போய்விடுவர் என்னும் கருத்தை நகரமன்றத் தலைவரே ஒளிக்காமல் சொன்னார். (அவ் வெளிப்படைக்காகவேனும் பாராட்டலாம்!) அடுத்த ஊரும் அதே சட்டம் இயற்றினால்?

2024 சூன் 28இல் உச்ச முறைமன்றம், அறுவர் ஒப்ப, மூவர் மறுக்க, நகராட்சிக்கே சார்பாகத் தீர்ப்பளித்தது. இச்சட்டம் வீடற்றவனுக்கு மட்டுமன்று, ஊர்சுற்றிப் பார்க்க வந்தவனுக்கும் பொதுவாம். ஊர்சுற்ற வந்தவனுக்குத் திரும்பிப் போக வீடுண்டே, தோழர்களே!