மடிக்கணினி மாறினாலும் செயலி மாறக் கூடாது
(கணினி ஆசிரியர்களுக்கான பயிற்சி வகுப்பில் ஆற்றிய உரை)



பள்ளியில் கைப்பேசிச் செயலி உருவாக்குவது பற்றிப் பேசச் சொன்னார்கள். செயலிக்கு நிரல் எழுதுவதை நம் மாணவர்கள் காணொலிகளைப் பார்த்தே கற்றுக்கொள்கிறார்கள். அந்தக் காணொலிகள் அதிகம் தொடாத ஒரு கேள்வியை உங்கள் முன் வைக்கிறேன். எழுதியவர் அருகில் இல்லாதபோது, வேறொருவர் வேறொரு கணினியில் அதே செயலியை மீண்டும் உருவாக்க முடியுமா?

மற்றவர்களைவிட நமக்கு இந்தக் கேள்வி முக்கியம். செயலி செய்த மாணவர் பிளஸ் டூ முடித்துப் போய்விடுவார். வழிகாட்டிய ஆசிரியர் மாறுதல் கலந்தாய்வில் வேறு ஒன்றியத்துக்குப் போய்விடுவார். பள்ளியில் மிஞ்சுவது ஒரு பென் டிரைவ். அதில் நிரல் முழுவதும் இருக்கும். ஆனால் புதிதாக வந்த ஆசிரியர் அதைத் திறந்தால் திரை முழுக்கச் சிவப்பு எழுத்துகள் வரும். அதோடு அந்தச் செயலியின் கதை முடிந்துவிடும்.

எங்கள் பள்ளியில் 11ஆம் வகுப்பு மாணவிகள், அருகிலுள்ள தொடக்கப் பள்ளிக் குழந்தைகளுக்காக ஆண்ட்ராய்டில் ஒரு வாய்ப்பாடு பயிற்சிச் செயலி செய்தார்கள். ஒரு மாணவியின் மடிக்கணினியில் அது உடனே உருவானது. அதே கோப்புகளை ஆய்வகக் கணினியில் வைத்தால் உருவாகவில்லை. "என் லேப்டாப்ல ஓடுது மிஸ்!" என்றாள் அவள். அவள் சொன்னதும் உண்மை, ஆய்வகக் கணினி காட்டிய பிழையும் உண்மை. நிரலில் ஓர் எழுத்துகூட வேறுபாடில்லை. வேறுபாடு ஜாவாவில் இருந்தது. அவளிடம் இருந்தது ஜாவா 17, ஆய்வகத்தில் இருந்தது ஜாவா 11. அவர்கள் பயன்படுத்திய ஆண்ட்ராய்டு கிரேடில் பிளக்இன் 8ஆம் பதிப்புக்கு ஜாவா 17 கட்டாயம் வேண்டும்.

நாம் எழுதும் நிரலை, கைப்பேசியில் நிறுவக்கூடிய ஒரே கோப்பாக மாற்றும் வேலையை 'பில்டு' என்கிறோம். அந்த வேலையில் நம் நிரலோடு ஜாவா, கிரேடில், அதன் பிளக்இன், ஆண்ட்ராய்டு எஸ்டிகே, பிறர் எழுதிய லைப்ரரிகள் எனப் பல பொருள்கள் சேருகின்றன. ஒவ்வொன்றுக்கும் பதிப்பு எண் உண்டு. எந்த எண் மாறினாலும் விளைவு மாறலாம்.

வேதியியல் ஆசிரியர்களுக்கு இது புதிதல்ல. செய்முறைப் பதிவேட்டில் நோக்கம், தேவையான பொருள்கள், செய்முறை, முடிவு என்று எழுதச் சொல்கிறோம். பொருள்கள் பகுதியில் 'அமிலம்' என்று மட்டும் எழுதினால் விடுவோமா? எந்த அமிலம், என்ன செறிவு என்று கேட்போம். அடுத்த மாணவருக்கும் அதே முடிவு வர வேண்டும் என்பதற்காகத்தானே? செயலிக்கும் அப்படி ஒரு பதிவேடு தேவை.

அதற்கு நான் மாணவர்களிடம் கேட்பவை நான்கு.

முதலாவது, கிரேடில் ராப்பர். ஆண்ட்ராய்டு ஸ்டுடியோவில் புதிய திட்டம் தொடங்கினால் இது தானாகவே உருவாகிறது. எந்தப் பதிப்பு கிரேடில் வேண்டும் என்பது இதிலுள்ள ஒரு சிறு கோப்பில் எழுதப்பட்டிருக்கும். புதிய கணினியில் இதை இயக்கினால் அதே பதிப்பைத் தானே இறக்கிக்கொள்ளும். மாணவர்கள் நிரல் கோப்புறையை மட்டும் நகலெடுத்து, இதை விட்டுவிடுவார்கள். முழுத் திட்டத்தையும் கிட்டில் சேமிக்கப் பழக்கினால் இந்தச் சிக்கல் வராது.

இரண்டாவது, லைப்ரரிகளின் பதிப்பு. எண்ணுக்குப் பின்னால் கூட்டல் குறி போட்டால், 'இன்று கிடைப்பதில் புதியதை எடுத்துக்கொள்' என்று பொருள். ஜூனில் ஒன்று வரும், ஜனவரியில் வேறொன்று வரும். ஆகவே முழு எண்ணையும் எழுத வேண்டும். ஒரு லைப்ரரி தனக்குத் தேவையான வேறு லைப்ரரிகளையும் இழுத்து வரும். அவற்றின் எண்களையும் சேர்த்துப் பூட்டிவைக்கக் கிரேடிலில் 'லாக்' கோப்பு வசதி உண்டு. ஃபிளட்டர் பயன்படுத்துவோருக்கு 'பப்ஸ்பெக் லாக்' என்ற கோப்பு தானாகவே உருவாகும். அதை அழிக்காமல் கிட்டில் சேர்க்கச் சொல்லுங்கள்.

மூன்றாவது, திட்டத்தில் எது இருக்கக் கூடாது என்பது. 'லோக்கல் பிராப்பர்ட்டீஸ்' என்ற கோப்பில் அந்தக் கணினியில் எஸ்டிகே இருக்கும் இடம் எழுதப்பட்டிருக்கும். அது அடுத்தவர் கணினிக்குப் பொருந்தாது. கடவுச்சொற்களும் பொதுவில் போகக் கூடாது.

நான்காவது, ஒரு பக்கக் குறிப்பு. தமிழிலேயே எழுதலாம். ஜாவா எந்தப் பதிப்பு, எஸ்டிகே எந்த எண், எந்தக் கட்டளை, முடிவில் எந்தக் கோப்புறையில் செயலி கிடைக்கும் என்ற நான்கு விவரங்கள் போதும்.

இவற்றோடு தலைமையாசிரியர் அறை பீரோவில் வைக்க வேண்டிய ஒன்றும் இருக்கிறது. அது செயலியின் கையொப்பச் சாவி. ஒவ்வொரு ஆண்ட்ராய்டு செயலியும் ஒரு சாவியால் கையொப்பமிடப்படுகிறது. ஏற்கெனவே நிறுவிய செயலியின் மேல், வேறு சாவியால் கையொப்பமிட்ட புதிய பதிப்பை ஆண்ட்ராய்டு ஏற்காது. பழையதை நீக்கிவிட்டுத்தான் புதியதை நிறுவ முடியும். நீக்கும்போது கைப்பேசியில் மட்டும் சேமித்திருந்த விவரங்களும் போய்விடும். 3ஆம் வகுப்புக் குழந்தை ஏழாம் வாய்ப்பாட்டில் எங்கே தடுமாறுகிறது என்று ஆசிரியர் ஓர் ஆண்டாகப் பார்த்துவந்த பதிவு, சாவி தொலைந்ததால் அழிய வேண்டுமா? சாவிக் கோப்புக்கு இரண்டு நகல் எடுத்து, கடவுச்சொல்லைத் தனியே உறையிலிட்டு, பொறுப்பு ஒப்படைக்கும்போது அதையும் ஒப்படையுங்கள்.

"எங்கள் பள்ளியில் இணையமே மெதுவாக வருகிறது, ஒவ்வொரு கணினியிலும் இவ்வளவையும் எப்படி இறக்குவது?" என்று நீங்கள் கேட்கலாம். ஒரு கணினியில் எல்லாவற்றையும் ஒருமுறை இறக்கி, கிரேடில் சேமித்துவைக்கும் கோப்புறையை மற்றக் கணினிகளுக்கு நகலெடுத்து, 'ஆஃப்லைன்' முறையில் இயக்கலாம். அந்த நகல் பின்னாளிலும் உதவும். ஜேசென்டர் என்ற லைப்ரரிக் களஞ்சியத்தை ஆண்ட்ராய்டு திட்டங்கள் பல ஆண்டுகள் நம்பியிருந்தன. அதை மூடப்போவதாக 2021 பிப்ரவரியில் அறிவிப்பு வந்தது. பழைய திட்டங்களைத் திறந்து களஞ்சிய முகவரியை மாற்ற வேண்டியதாயிற்று.

நகலெடுக்கும்போது ஓர் எச்சரிக்கை. 2015இல் சீனாவில் ஐபோன் செயலி எழுதுவோர் சிலர், அதிகாரப்பூர்வத் தளத்திலிருந்து இறக்க நேரமாகிறது என்று எக்ஸ்கோடு மென்பொருளை வேறு இடங்களில் எடுத்தார்கள். அந்த நகலில் யாரோ தீய நிரலைச் சேர்த்திருந்தார்கள். அதில் உருவான செயலிகளுக்குள்ளும் அது புகுந்தது. வீசாட் செயலியின் ஒரு பதிப்பும் தப்பவில்லை. எழுதியவர்களின் நிரல் சுத்தமாகத்தான் இருந்தது, கருவிதான் கெட்டிருந்தது. எனவே முதல் நகலை அதிகாரப்பூர்வத் தளத்திலிருந்தே எடுங்கள். கருவிகளை வெளியிடும் தளங்கள் 64 எழுத்துகள் கொண்ட ஷா-256 சரிபார்ப்பு எண்ணையும் தருகின்றன. நம்மிடம் உள்ள கோப்பின் எண் அதோடு ஒத்துப்போகிறதா என்று பார்ப்பது சில நொடி வேலை. கிரேடில் ராப்பரில் அந்த எண்ணை எழுதிவைத்தால் அதுவே சரிபார்த்துக்கொள்ளும்.

இதே வழியில் இன்னும் தூரம் போனவர்கள் உண்டு. எஃப்-டிராய்டு என்ற கட்டற்ற செயலிக் களஞ்சியம், மூலநிரலிலிருந்து செயலியைத் தானே உருவாக்குகிறது. எழுதியவர் தந்த கோப்போடு அது அப்படியே ஒத்துப்போகிறதா என்று பார்க்கும் ஏற்பாடும் அங்கு உண்டு. அந்த அளவுக்கு வர, செயலிக்குள் பதியும் நேரம், தேதியைக்கூடக் கட்டுப்படுத்த வேண்டும். பள்ளித் திட்டத்துக்கு அவ்வளவு தேவையில்லை. வேறு கணினியில் உருவாகி, அதேபோல் இயங்கினால் போதும்.

அதைச் சோதிக்க ஒரு எளிய வழி உண்டு. திட்டத்தில் சேராத ஒரு மாணவரை அழையுங்கள். வேறொரு கணினியையும் அந்த ஒரு பக்கக் குறிப்பையும் கொடுங்கள். எழுதியவர்கள் பக்கத்தில் நிற்கலாம், வாய் திறக்கக் கூடாது. புதியவர் எங்கே திணறுகிறாரோ, அங்கே குறிப்பில் ஒரு வரி குறைகிறது. எழுதியவர்களே அதைச் சேர்க்கட்டும். எங்கள் மாணவிகளின் குறிப்பு மூன்றாவது திருத்தத்தில்தான் தேறியது. 10ஆம் வகுப்பு மாணவன் ஒருவன், யாரிடமும் எதுவும் கேட்காமல் செயலியை உருவாக்கிக் கைப்பேசியில் ஓட்டிக் காட்டினான்.

இனி மாணவர் திட்டங்களுக்கு மதிப்பெண் போடும்போது, செயலி ஓடுகிறதா என்று பார்ப்பதோடு, இன்னொருவர் கையில் உருவாகிறதா என்றும் பாருங்கள். தனக்குப் பின் வருபவருக்காக எழுதும் பழக்கம் அவர்களுக்கு வரும். அடுத்த ஆண்டு நாம் எந்தப் பள்ளியில் இருந்தாலும், அந்தக் குழந்தைகளின் கைப்பேசியில் வாய்ப்பாடு ஒலித்துக்கொண்டிருக்கும்.