வெல்ல முடியாத வீரனுக்கு எதிரே

தெரணியகலைப் பகுதி மழை மிகுந்த மலைநாடு. சீதாவாக்கை ஆறு அம்மலைகளினின்றே இறங்கி வருகிறது; தேயிலையும் இறப்பரும் அங்கே அண்டை அயலாய் வளர்கின்றன. அத்தகைய தோட்டங்களின் லயங்களில் குடியேறிய தமிழ்த் தொழிலாளர் கடல் கடந்து கொண்டுவந்த செல்வங்களுள் மூன்று கூத்துகள் உண்டு. காமன் கூத்து, அருச்சுனன் தபசு, பொன்னர் சங்கர் என்னும் இம்மூன்றும் மலையகமெங்கும் பேர் பெற்றவை. இவற்றை ஒருசேர எண்ணிப் பார்ப்போர்க்கு ஓர் ஒற்றுமை புலனாகும். மூன்றிலும் கதைத் தலைவன் வெல்லற்கரியவன். மன்மதன் கணைக்குத் தப்பியவர் மூவுலகிலும் இலர். அருச்சுனனிடம் காண்டீபமும் அம்பு குறையாத தூணியும் உண்டு. சங்கரோ தனியொருவனாய் நின்று படையைச் சிதறடிப்பவன். இத்தகையோனைக் களத்தில் ஏற்றிவிட்டு, விடியும்வரை கூட்டத்தை இருத்திவைப்பது எங்ஙனம்? எதிரே எவன் வந்தாலும் தோற்பது திண்ணம் என்றால், பார்க்க வந்தவன் கம்பளியைப் போர்த்திக்கொண்டு உறங்கப் போய்விடுவான் அல்லவா?

கூத்து வாத்தியாரின் இந்தச் சங்கடம் மேல்நாட்டு விளையாட்டு ஒன்றிலும் உண்டு. அமெரிக்காவில் கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னசன் என்னும் இருவர் ஆக்கி 1974-இல் வெளியிட்ட ‘டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’ என்பது அது. மேசையைச் சுற்றிச் சிலர் அமர்ந்து, ஆளுக்கொரு வீரனாகவோ மந்திரவாதியாகவோ பாத்திரமேற்று, பேச்சாலும் பகடையாலும் கதையை வளர்ப்பர். ஒருவர் கதை நடத்துநராயிருந்து காட்டையும் கோட்டையையும் பகைவரையும் படைப்பார். மாதக்கணக்கில் ஆடிய பாத்திரம் படிப்படியாக வளர்ந்து, விண்ணிற் பறக்கவும் மாண்டாரை எழுப்பவும் வல்லதாகிவிடும். அப்பொழுது நடத்துநர் திகைக்கிறார். பெரிய பூதத்தை ஏவுகிறார், அது வீழ்கிறது. அதனினும் பெரிய பூதத்தை ஏவுகிறார், அதுவும் வீழ்கிறது. இந்த ஓட்டத்திற்கு எல்லையே இல்லை.

கைகாக்ஸ் வேறொரு வழி கண்டார். 1975-இல் ஒரு போட்டிக்கென அவர் அமைத்து, 1978-இல் அச்சேறிய ‘டூம் ஆஃப் ஹாரர்ஸ்’ என்னும் கதைக்களம் ஒரு கல்லறை. வாளால் வெட்டுதற்கு அங்கே பகைவர் மிகுதியாக இல்லை; தரையும் கதவும் சிலையுமே பகை. பதறியவன் மாண்டான், நின்று நிதானித்தவன் சில அடிகள் கூடுதலாக நடந்தான். கூர்மையான உபாயந்தான், ஐயமில்லை. ஆயினும் அரும்பாடுபட்டுச் சேர்த்த ஆற்றல் அங்கே செல்லாக் காசாகிவிடுகிறது. நெடுநாள் தேடிய தேட்டத்தை ஒரு குழியில் இழப்பதற்கு யார் உள்ளம் ஒப்பும்?

கூத்து இதனை வேறுவிதமாகக் கையாளுகிறது. அருச்சுனன் உயர்ந்த கம்பத்தின்மீது ஏறித் தவஞ்செய்கிறான். அவனைக் கொல்ல மூகன் என்னும் அசுரன் பன்றியாய் வருகிறான். அருச்சுனன் எய்கிறான், வேடனாய் வந்த சிவபெருமானும் எய்கிறார். பன்றி யாருடையது என்று வழக்கு எழுகிறது. போரை மூட்டியது நாட்டாசையன்று, பெண்ணாசையன்று; செத்த பன்றி ஒன்று! பாரதக் கதையின்படி, குறையாத தூணி குறைகிறது; காண்டீபமும் பறிபோகிறது. வீரன் மண்ணால் இலிங்கம் அமைத்து மாலை சாத்துகிறான். அம்மாலை வேடன் தலையில் விளங்குகிறது. வெல்வானா என்று காத்திருந்தவர்கள், எதிரே நிற்பவரை இவன் அறிந்துகொள்வானா என்று காத்திருக்கத் தொடங்குகிறார்கள். அறிந்தபின் அவன் வெறுங்கையனாய்த் திரும்பவில்லை, பாசுபதத்தோடு திரும்புகிறான். கல்லறையிலே பறித்தது பறித்ததுதான். இங்கே பறித்த கையே மிகுதியாகத் திருப்பிக் கொடுக்கிறது.

பொன்னர் சங்கர் கதை கொங்குநாட்டுக்குரியது. கனடிய மானிடவியலாளர் பிரண்டா பெக் அங்கே திரட்டிய வாய்மொழி வடிவத்தில் பொன்னாச்சி என்றொரு சிறு நாய் வருகிறது. கொம்பன் என்னும் பெரும்பன்றியை வேட்டையாடப் புறப்படும் வீரர் அந்த நாயை அழைக்க மறந்துவிடுகின்றனர். அவமதிப்புற்ற நாயின் சினத்தால் வேட்டை கெடுகிறது. அந்த நாய் வந்து சேர்ந்த பின்னரே பன்றி வீழ்கிறது. வாளெடுத்தால் நிகரில்லாதவன் ஒரு நாய்க்குட்டியை மதிக்க வேண்டியவனாகிறான்.

எனினும் இவ்வகையில் தலைசிறந்தது காமன் கூத்தே. மாசி மாதத்து அமாவாசை கழிந்து மூன்றாம் பிறையில் கம்பம் ஊன்றி, தப்பு முழங்கத் தொடங்குவது அது. இங்கே மன்மதனின் ஆற்றலை ஒருவரும் குறைக்கவில்லை. கரும்பு வில் ஒடியவில்லை. மலர்க்கணை குறி தவறவில்லை. தவத்திலிருந்த சிவன்மீது அது செவ்வனே தைக்கிறது. தைத்ததனாலேயே நெற்றிக்கண் திறக்கிறது, எய்தவன் நீறாகிறான். குறி தவறியிருந்தால் பிழைத்திருப்பான்! ஆற்றல் முழுமையாகப் பலித்து, அப்பலிப்பே அழிவாய் முடியும் இவ்வமைப்புக்கு ஈடாக எந்தப் பூதத்தைச் சொல்லலாம்?

அதற்கும் முன்னே மன்மதன் எதிர்கொள்ளும் சோதனை ஒன்று உண்டு. தேவர் அழைப்பை ஏற்றுப் புறப்படுகிறவனைப் போகவேண்டாம் என்று இரதி தடுக்கிறாள். அவளிடம் வில்லுமில்லை, வரமுமில்லை. உலகை வென்ற கணைகளுள் ஒன்றேனும் அவளுக்கு மறுமொழி ஆகவில்லை. போனால் சாவு, போகாவிடில் சொல் தவறியவன். இந்த இடத்தில் கூட்டம் உறங்குவதில்லை. முடிவு எல்லோர்க்கும் தெரியும், ஆண்டுதோறும் பார்த்ததுதான். ஆயினும் இரதி புலம்பும்போது லயத்துப் பெண்கள் கண்ணீர் விடுகின்றனர்.

மன்மதனாய் வேடம் புனைகிறவன் யார் என்பதையும் எண்ணவேண்டும். விரதமிருந்து ஆடும் அவன் பகலில் பிரட்டுக்களத்தில் பெயர் கொடுத்துவிட்டுப் பால் வெட்டப் போகும் தொழிலாளி. 1948-ஆம் ஆண்டுப் பிரசாவுரிமைச் சட்டம் அவன் முன்னோரை நாடற்றோராக்கியது. எஞ்சியிருந்தோர்க்கு உரிமை வழங்கும் சட்டம் 2003-இல்தான் வந்தது. ஆண்டின் சில இரவுகளே அவன் முடி சூடுகிறான். அம்முடியை எங்கிருந்தோ வந்த ஒரு பூதம் தட்டிவிடுவதை அக்கூட்டம் பொறுக்குமா? அவன் அழிவதாயின் அவனுடைய சொல்லாலும் அவனுடைய அம்பாலுமே அழியவேண்டும். வாத்தியார் அவனுக்குக் காட்டும் மரியாதை அது. மேசை விளையாட்டை நடத்துவோரும் மாசி மாதத்தில் ஒரு தோட்டத்துக்கு வந்து இதனைப் பார்ப்பது நன்று.

எரிந்தபின்னும் கதை நிற்பதில்லை. இரதியின் வேண்டுதலால் மன்மதன் அவள் கண்ணுக்கு மட்டும் தோன்றும் வரம் பெறுகிறான். அப்படியாயின் அவன் எரிந்தானா, எரியவில்லையா? தஞ்சைப் பகுதியில் இதன்பொருட்டு எரிந்த கட்சி, எரியாத கட்சி என இரு கட்சிகளாய்ப் பிரிந்து, லாவணி பாடி இரவெல்லாம் வாதிடும் வழக்கம் இருந்துவந்தது. இரு கட்சியாரும் எதிர்க்கட்சிக்கு விடைசொல்லி முடிப்பதற்குள் கிழக்கு வெளுத்துவிடும்.