பட்டணத்தை விட்டு நீங்குவோர்



‘கெட்டும் பட்டணம் சேர்’ என்பது நம் முன்னோர் வாக்கு. தொழிலும் கல்வியும் வைத்தியமும் பட்டணத்திலே கிடைத்தமையால் அவ்வாக்கு நிலைத்தது. ஆயினும், பட்டணம் சேர்ந்தோர் அதனை விட்டு நீங்குவதும் உண்டு. அஃது ஏன் என்பதை இலண்டன் மாநகரை உதாரணமாகக் கொண்டு இன்று ஆராய்வோம்.

1939 ஆம் ஆண்டில் இலண்டனில் ஏறக்குறைய 86 இலட்சம் மக்கள் வாழ்ந்தனர். 1981 இல் அத்தொகை 68 இலட்சமளவிற்குக் குறைந்தது. யுத்தகாலக் குண்டுவீச்சும், பின்னர் துறைமுகமும் தொழிற்சாலைகளும் நலிவுற்றமையும் இதற்குக் காரணங்களாகும். அரசாங்கமே திட்டமிட்டு மக்களை வெளியே குடியமர்த்தியமை மற்றொரு காரணம். எபனேசர் ஹவார்ட் என்பார் 1898 இல் எழுதிய நூலின் வழியே, 1903 இல் லெச்வர்த் என்னும் பூங்கா நகரம் தோன்றியது. 1946 ஆம் ஆண்டின் புதுநகரச் சட்டத்தின்கீழ் ஸ்டீவனேஜ் முதலாக எட்டு நகரங்கள் இலண்டனைச் சூழ எழுந்தன. அங்கே வீட்டோடு தொழிலையும் பாடசாலையையும் சேர்த்தே அமைக்க முயன்றனர்.

2015 அளவில் இலண்டன் தன் பழைய மக்கட்டொகையை மீண்டும் எட்டியது. பிறநாடுகளிலிருந்து வந்தோராலும் பிறப்புக்களாலுமே அது பெருகிற்று. நாட்டின் பிற பகுதிகளிலிருந்து அங்கு வருவோரிலும், அங்கிருந்து அப்பகுதிகளுக்குச் செல்வோரே அதிகம். இருபது வயதில் தொழில் தேடி வருகின்றனர். முப்பது கடந்து, கையிற் குழந்தையோடு புறப்படுகின்றனர். குழந்தைக்கு இன்னோர் அறை வேண்டும். ஆனால், 2022 இல் அங்கு ஒரு வீட்டின் சராசரி விலை ஐந்து இலட்சம் பவுணைக் கடந்திருந்தது. மாதச் சம்பளக்காரர் என் செய்வர்?

அன்று வெளியேறியோரை ஒரு திட்டம் அழைத்துச் சென்றது. இன்று வெளியேறுவோரை விலை துரத்துகின்றது. வீடு தொலைவிற் கிடைத்தாலும் தொழில் நகரத்திலேயே நின்றுவிடுகின்றது. வாடகையில் மீந்தது புகையிரதக் கட்டணத்திற் கரைகின்றது. 2020 ஆம் ஆண்டின் கொள்ளைநோய்க்குப் பின்னர் எழுத்துவேலை செய்வோர் பலர் வீட்டிலிருந்தே பணியாற்றப் பழகினர். தாதியும், பேருந்துச் சாரதியும், ஆசிரியரும் அவ்வாறு செய்தல் இயலுமா?

பாடசாலை அதிபன் என்ற முறையில் என் மனத்தை வருத்துவது ஒன்றுண்டு. இலண்டனின் ஹக்னிப் பகுதியில், பிள்ளைகள் குறைந்தமையாற் சில ஆரம்ப பாடசாலைகள் 2024 இல் மூடப்பட்டன; அவற்றுட் சில அயற்பாடசாலைகளோடு இணைக்கப்பட்டன. பிறப்புக் குறைந்தமையும் இதற்கு ஒரு காரணமே. குடும்பங்கள் வீடு தேடி வெளியேறியமை மற்றொரு காரணமாகும். விடுகைப் பத்திரங்களில் ஒப்பமிட்டுப் பழகிய எனக்கு, வரவு இடாப்பிலே பெயர்கள் ஒவ்வொன்றாய் அற்றுப்போதல் எத்தகையதென்று தெரியும்.

மாடமாளிகைகள் ஓங்குவதனால் மட்டும் ஒரு நகரம் வளர்ந்ததாகாது. அந்நகரத்து நோயாளரைப் பேணும் தாதி, தன் பிள்ளையையும் அங்கேயே வளர்க்க இயலுமா என்று கேட்டுப் பாருங்கள். இயலாதெனின், அந்நகரம் உழைப்பை வாங்கிக்கொண்டு உழைப்பவரை வெளியேற்றுகின்றது என்பதே பொருள். நகரங்களை அமைப்போர் முதலில் எண்ணிப்பார்க்க வேண்டியது இதுவேயாகும்.