எப்போ கூப்பிடுவாங்க?



எதிர்பார்ப்பை விடு, வந்ததை ஏற்றுக்கொள் என்று சொல்லிவிடுவது சுலபம். மறைமலை நகரில் நின்று அதைச் சொல்கிறவன், ஃபோர்டு ஆலையைப் பற்றிப் பேசாமல் மேடையை விட்டு இறங்க முடியாது.

1999-இல் இங்கிருந்து ஐகான் கார் வெளிவந்தது. பிறகு இந்த வட்டாரத்துக் கல்யாணப் பத்திரிகைகளில் மாப்பிள்ளை பெயருக்குக் கீழே, படிப்புக்குப் பக்கத்தில், கம்பெனி பெயரும் ஏறியது. பர்மனென்ட் என்ற ஒரு சொல்லை நம்பி வங்கி கடன் கொடுத்தது. பெண் வீட்டார் பெண் கொடுத்தார்கள். 2021 செப்டம்பர் 9 அன்று, இந்தியாவில் கார் உற்பத்தியை நிறுத்துகிறோம் என்று அறிவிப்பு வந்தது. மறு ஆண்டு ஜூலையில் கடைசி எக்கோஸ்போர்ட் லைனை விட்டு இறங்கியது. பத்தாண்டுகளில் 200 கோடி டாலருக்கு மேல் நட்டம் என்று நிறுவனம் கணக்குச் சொன்னது. அந்த நட்டத்தில் போல்ட் முடுக்கிய கையின் தவறு எதுவும் இல்லை.

ஏற்றுக்கொள்வது என்றால் வாய்மூடிக் கிடப்பது என்று நான் சொல்ல வரவில்லை. 2022 மே மாதக் கடைசியில் தொழிலாளர்கள் நியாயமான செட்டில்மென்ட் கேட்டுப் போராட்டத்தில் இறங்கினார்கள். ஆலை மூடப்படும் என்பது அப்போது முடிவாகிவிட்ட விஷயம். போன வேலை போனதுதான். ஆனால் உழைத்த வருஷங்களுக்கு உரிய பணத்தை ஏன் விட வேண்டும்? அந்தக் கேள்வியை நான் மதிக்கிறேன்.

இந்த ஊருக்குப் பெயர் தந்தவருக்கும் வேலை போயிருக்கிறது. மறைமலையடிகள் 1898-இல் சென்னைக் கிறித்துவக் கல்லூரியில் தமிழாசிரியர் ஆனார். பல்கலைக்கழகப் படிப்பில் தமிழ் கட்டாயமில்லை என்றானதும், 1911-இல் அந்தப் பணி முடிவுக்கு வந்தது. முப்பத்தைந்தை ஒட்டிய வயது. பல்லாவரத்துக்குப் போனார், படித்தார், எழுதினார், நூல்களைத் தேடிச் சேர்த்தார். 1916-இல் தனித்தமிழ் இயக்கம் பிறந்தது. வேலை போனதால்தான் இயக்கம் பிறந்தது என்று கதை கட்ட மாட்டேன். இடைப்பட்ட ஆண்டுகளை அவர் வீணாக்கவில்லை. எனக்கு அதுதான் பெரிது.

மறுபடி நம் ஆலைக்கு வருவோம். 2025 அக்டோபரில் ஃபோர்டு தமிழக அரசுடன் ஒப்பந்தம் போட்டிருக்கிறது. 3,250 கோடி ரூபாய் முதலீடு, இந்த முறை காரில்லை, இன்ஜின், 600 பேருக்கு மேல் வேலை, 2029-இல் உற்பத்தி. மகிழ்ச்சிதான். ஆனால் 2022-இல் 38 வயதில் வெளியே வந்தவருக்கு அப்போது 45 ஆகியிருக்கும். விண்ணப்பம் போடட்டும், தப்பில்லை. அதற்காக இன்று ஒரகடத்தில் பார்க்கும் கான்ட்ராக்ட் வேலையையோ, ஜி.எஸ்.டி. சாலையோரம் போட்ட கடையையோ தற்காலிகம் என்று ஒதுக்கி வைக்க வேண்டாம். மகளின் கல்லூரிச் சேர்க்கை 2029 வரை காத்திருக்காது.

வேலை இழந்தவரின் சொந்தபந்தங்களிடம் ஒரு வேண்டுகோள். அவரைத் தெருவில் பார்த்ததும், "எப்போ கூப்பிடுவாங்க?" என்று ஆரம்பிக்காதீர்கள். கடை எப்படிப் போகுது என்று கேளுங்கள். முடிந்தால் அங்கேயே சாமான் வாங்குங்கள்.