குடுவையிலிருந்து ஆலைக்கு: வேதிப் பொறியியல் முதுநிலைக் கல்வி யாருக்காக?

(மும்பை மாட்டுங்காவில் வேதிப் பொறியியல் முதுநிலை மாணவர்களிடையே ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



வேதிப் பொறியியல் பயிலும் உங்கள் முன் பேசுவதற்குத் தமிழ் முதுகலை படித்த ஒருவனை அழைத்திருக்கிறீர்கள். கட்சி ஏட்டுக்குக் கட்டுரைகளை மொழிபெயர்ப்பது என் பணி. அந்தப் பணிதான் என்னை உங்கள் துறையின் வாயிலில் கொண்டுவந்து நிறுத்தியது.

2020 மே 7 அன்று விடியற்காலையில் விசாகப்பட்டினத்தில் எல்ஜி பாலிமர்ஸ் ஆலையின் சேமிப்புத் தொட்டியிலிருந்து ஸ்டைரீன் ஆவி வெளியேறி 12 பேர் உயிரிழந்தனர். அதைப் பற்றிய ஆங்கிலக் கட்டுரை ஒன்றை மொழிபெயர்க்கும்போது, வேதிவினை 'ஓடிப்போவது' என்ற பொருள் தரும் ஒரு சொற்றொடர் என்னைத் தடுத்து நிறுத்தியது. வினை எங்கே ஓடும்? முதுநிலைப் பொறியியல் பயின்றுகொண்டிருந்த ஓர் இளம் தோழரிடம் கேட்டேன். அவர் ஓர் உவமையால் விளக்கினார். தட்டில் பரிமாறிய சோறு சிறிது நேரத்தில் ஆறிவிடுகிறது. கல்யாண வீட்டு அண்டாவில் வடித்த சோறோ பல மணி நேரம் ஆகியும் நடுவில் கொதிக்கிறது. கலன் நீளம், அகலம், உயரம் மூன்றிலும் பத்து மடங்கு பெருகினால் உள்ளே இருக்கும் பொருள் ஆயிரம் மடங்காகிறது. வெப்பம் வெளியேறும் மேற்பரப்போ நூறு மடங்குதான் ஆகிறது. தானே வெப்பத்தை உண்டாக்கும் வினையில், வெளியேற வழியில்லாத வெப்பம் வினையை விரைவுபடுத்தும்; விரைந்த வினை மேலும் வெப்பத்தைத் தரும். ஒரு கட்டத்துக்குப் பின் எவராலும் அதை நிறுத்த இயலாது. அன்று நான் 'கட்டுமீறிய வினை' என்று எழுதினேன்.

குடுவையில் அடங்கி நடந்த வினை ஆலையில் ஏன் அடங்குவதில்லை, அதை அடக்க என்ன செய்ய வேண்டும் என்பதே உங்கள் துறையின் மையக் கேள்வி என்பது எனக்கு அப்போது விளங்கிற்று. இளநிலையில், கொடுக்கப்பட்ட கருவிக்குக் கணக்குப் போடக் கற்கிறீர்கள். முதுநிலையில்தான் எந்த வழியைத் தேர்வது, எந்த அளவில் செய்வது, எதைத் தவிர்ப்பது என்ற கேள்விகளுக்கு ஆய்வேடு எழுதுகிறீர்கள். இந்தக் கேள்விகளுக்கு விடை காணும் ஆற்றல் யாருடைய பணத்தில் உருவாகிறது, யாருக்குப் பயன்படுகிறது என்பதே இன்று நான் பேச வந்த பொருள்.

மருந்தை மலிவாக்கிய அறிவு

1928இல் பென்சிலினின் விளைவை அலெக்சாண்டர் பிளெமிங் கண்டறிந்தார். ஆயினும் அது மக்களின் மருந்தாக மாறப் பதினைந்து ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று. பூஞ்சையைப் பெரிய தொட்டிகளில் ஆழமாக வளர்க்கவும், அத்தனை நீருக்குள்ளும் காற்றைச் செலுத்தவும், விளைந்த பொருளைச் சிதையாமல் பிரித்தெடுக்கவும் வழி காண வேண்டியிருந்தது. முதல் வணிக அளவிலான பென்சிலின் ஆலையை வடிவமைத்தவர் மார்கரெட் ஹட்சின்சன் ரூசோ. அமெரிக்காவின் எம்ஐடியில் 1937இல் வேதிப் பொறியியலில் ஆய்வுப் பட்டம் பெற்ற முதல் பெண்மணி அவர்.

விடுதலைக்குப் பின் நம் நாடு இந்த அறிவைப் பொதுத்துறையின் வழியே பெற முயன்றது. 1950இல் புனேயில் தேசிய வேதியியல் ஆய்வகம் திறக்கப்பட்டது. 1954இல் பிம்ப்ரியில் இந்துஸ்தான் ஆன்டிபயாடிக்ஸ் நிறுவனம் உலக சுகாதார நிறுவனம், யூனிசெஃப் ஆகியவற்றின் உதவியோடு அமைந்தது. 1961இல் சோவியத் ஒன்றியத்தின் ஒத்துழைப்போடு ஐடிபிஎல் உருவாகி, ரிஷிகேஷிலும் ஐதராபாத்திலும் ஆலைகள் எழுந்தன. இவற்றுக்கு வேண்டிய பொறியாளர்களை அளித்தவை பொதுப் பணத்தில் நடந்த கல்விக்கூடங்கள். வங்கத்தின் சுதேசி இயக்கத்தில் பிறந்து பின்னாளில் ஜாதவ்பூர் பல்கலைக்கழகமான நிறுவனத்தில் 1921இலேயே வேதிப் பொறியியல் கற்பிக்கப்பட்டது. இதே மாட்டுங்காவில் இயங்கும், 1933இல் பம்பாய்ப் பல்கலைக்கழகத்தின் துறையாகத் தொடங்கிய வேதித் தொழில்நுட்ப நிறுவனத்தை நீங்கள் அறிவீர்கள்.

டாக்டர் ரெட்டீஸ் நிறுவனத்தை 1984இல் தொடங்கிய அஞ்சி ரெட்டி இந்த மாட்டுங்கா நிறுவனத்தில் படித்தார். புனே ஆய்வகத்தில் முனைவர் பட்டம் பெற்றார். ஐடிபிஎல்லில் பணியாற்றித் தொழில் கற்றார். முகேஷ் அம்பானியும் இங்கே வேதிப் பொறியியல் பயின்றவரே. தனியார் முனைப்பால்தான் இந்தியத் தொழில் வளர்ந்தது என்று கூறுவோர் இந்த அடித்தளத்தை மறைத்துவிடுகிறார்கள்.

கல்விக்குத் துணையாகச் சட்டமும் நின்றது. நீதிபதி ராஜகோபால ஐயங்காரின் 1959ஆம் ஆண்டு அறிக்கையை அடியொற்றி 1970இல் இயற்றப்பட்டு, 1972இல் நடைமுறைக்கு வந்த காப்புரிமைச் சட்டம், மருந்துகளில் பொருளுக்குக் காப்புரிமை இல்லை, செய்முறைக்கு மட்டுமே உண்டு என்றது. அதாவது, அதே மருந்தை வேறொரு வழியில் செய்யத் தெரிந்தவர் செய்யலாம். வேறொரு வழியைக் கண்டு அதை ஆலை அளவுக்கு உயர்த்துவது வேதியியலாளரும் வேதிப் பொறியாளரும் கூடிச் செய்யும் வேலை. 2001இல் எய்ட்ஸ் நோய்க்கான மூன்று மருந்துகளின் கூட்டை ஆண்டுக்கு 350 டாலருக்குத் தர சிப்லா முன்வந்தபோது, பன்னாட்டு நிறுவனங்களின் விலை 10,000 டாலருக்கும் மேல் இருந்தது. அந்த வேறுபாட்டில் ஆப்பிரிக்காவின் எத்தனையோ ஏழை நோயாளிகளின் உயிர் அடங்கியிருந்தது.

உலக வர்த்தக அமைப்பின் நிபந்தனைப்படி 2005இல் பொருள் காப்புரிமை மீண்டும் வந்தது. அப்போது இடதுசாரிக் கட்சிகள் நாடாளுமன்றத்தில் போராடிப் பெற்ற பாதுகாப்புகளுள் ஒன்று 3(டி) பிரிவு. பழைய மருந்தைச் சிறிது மாற்றிப் புதிய காப்புரிமை கோருவதை அது தடுக்கிறது. 2013 ஏப்ரல் 1 அன்று நோவார்ட்டிஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் அதை உறுதி செய்தது.

எனினும் சட்டம் மட்டும் மருந்து செய்துவிடாது. பொதுத்துறை மருந்து ஆலைகள் நலிவடைய விடப்பட்டன. மருந்தின் மூலப்பொருள் இறக்குமதியில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு இன்று ஒரே நாட்டிலிருந்து, சீனாவிலிருந்து வருகிறது. ஒருகாலத்தில் பிம்ப்ரியிலும் ரிஷிகேஷிலும் நொதிக்கலன்களில் ஆன்டிபயாடிக் விளைவித்த நாடு, அந்தத் திறனைக் கைநழுவவிட்டுப் பின்னர் தனியாருக்கு ஊக்கத்தொகை கொடுத்து மீட்க முயல்கிறது.

போபால் கற்பிக்கும் பாடம்

உங்கள் அறிவின் மறுபக்கமும் உண்டு. 1984 டிசம்பர் 2 நள்ளிரவில் போபாலில் யூனியன் கார்பைடு ஆலையின் தொட்டிக்குள் நீர் புகுந்தது. ஏறத்தாழ 40 டன் மீதைல் ஐசோசயனேட் நகரின் மீது பரவியது. குளிரூட்டும் அமைப்பு பல மாதங்களாக நிறுத்தப்பட்டிருந்தது. வாயுவைக் கழுவும் கோபுரம் பயனற்று நின்றது. வாயுவை எரிக்கும் கோபுரத்துக்குச் செல்லும் குழாய் கழற்றப்பட்டிருந்தது. செலவைக் குறைக்கும் நடவடிக்கையில், ஒவ்வொரு பணிநேரத்திலும் 12 பேர் இருந்த இடத்தில் 6 பேர் விடப்பட்டிருந்தார்கள். இயக்கக் கையேடுகள் ஆங்கிலத்தில் இருந்தன. தொழிலாளர் பலருக்கு இந்தி மட்டுமே தெரியும்.

இவற்றோடு, முதுநிலை மாணவர்கள் சிந்திக்க வேண்டிய இன்னொன்றும் உண்டு. அந்த ஆலை செய்த பூச்சிக்கொல்லி கார்பரில். அதை மீதைல் ஐசோசயனேட்டின் வழியாகத்தான் செய்ய வேண்டும் என்பதில்லை. முதலில் நாப்தாலையும் பாஸ்ஜீனையும் வினைபுரியச் செய்து, பிறகு மீதைலமீனைச் சேர்த்தும் அதே பொருளைப் பெறலாம். பாஸ்ஜீனும் கொடிய நஞ்சுதான். ஆயினும் அந்த வழியில், மீதைல் ஐசோசயனேட்டை டன் கணக்கில் தேக்கி வைக்கும் தேவை எழாது. ஆபத்தான பொருளுக்குக் காவல் போடுவதைவிட அதைக் குறைவாக வைத்திருப்பதும், இயன்றால் இல்லாமலே செய்வதும் மேல் என்ற கருத்தை, போபாலுக்குச் சில ஆண்டுகள் முன்பே பிரிட்டிஷ் பொறியாளர் டிரெவர் கிளெட்ஸ் வலியுறுத்தியிருந்தார். எந்த வழி என்பதைத் தீர்மானிக்கும் மேசையில் இலாபக் கணக்கு உட்காருகிறது. ஆலையின் சுவரை ஒட்டிக் குடியிருக்கும் மக்கள் உட்காருவதில்லை. அவர்களுக்காகப் பேசக்கூடிய ஒருவர் அந்த அறையில் இருக்க முடியுமானால், அவர் வேதிப் பொறியாளர்தான்.

போபாலுக்குப் பின் 1987இல் தொழிற்சாலைகள் சட்டம் திருத்தப்பட்டது. ஆபத்துகளைத் தொழிலாளருக்கும் சுற்றுப்புற மக்களுக்கும் தெரிவிப்பது கடமையாக்கப்பட்டது. பாதுகாப்புக் குழுவில் தொழிலாளருக்கு இடம் கிடைத்தது. ஆனால் பணியிடப் பாதுகாப்புக்கான 2020ஆம் ஆண்டின் சட்டத்தொகுப்போ, மின்விசையில் இயங்கும் தொழிற்சாலை என்பதற்கான தொழிலாளர் எண்ணிக்கையை 10-லிருந்து 20 ஆக உயர்த்தியது. 2025 ஜூன் 30 அன்று தெலங்கானாவின் பாசமைலாரத்தில் மருந்துத் துணைப்பொருள் செய்யும் ஆலை வெடித்து 40-க்கும் மேற்பட்டோர் மாண்டனர். அவர்களுள் பலர் பீகார், ஒடிசா போன்ற மாநிலங்களிலிருந்து பிழைக்க வந்தவர்கள்.

யார் படிக்க முடியும்?

இத்தகைய அறிவைப் பெறும் வாய்ப்பு இன்று சுருங்கி வருகிறது. கேட் தேர்வின் வழியே எம்.டெக் சேரும் மாணவருக்கான உதவித்தொகை மாதம் 12,400 ரூபாய். விலைவாசி உயர்ந்தும் பல ஆண்டுகளாக அந்தத் தொகை உயரவில்லை. 2019 செப்டம்பரில் ஐஐடிகளின் மன்றம், எம்.டெக் கட்டணத்தை பி.டெக் கட்டணத்தின் அளவுக்கு உயர்த்தவும் உதவித்தொகை முறையை மாற்றவும் முடிவெடுத்தது. மாணவர்கள் போராடிய பிறகே, அப்போது படித்துக்கொண்டிருந்தவர்களுக்கு அது பொருந்தாது என்று அரசு விளக்கம் தந்தது. ஏழைக் குடும்பத்திலிருந்து முதல் தலைமுறையாகப் பட்டம் பெறும் ஒருவருக்கு, இரண்டு ஆண்டுகள் சம்பளமின்றி மேலும் படிப்பதென்பது வீட்டில் ஒருவரின் வருவாயைத் துறப்பதாகும். அதற்குமேல் கல்விக் கடனும் சேர்ந்தால், படித்து முடித்தவர் கடனை அடைக்கும் வேலையைத்தான் தேடுவார்; ஆலையின் வாயிலில் நின்று கேள்வி கேட்கமாட்டார்.

ஆகவே நாம் கோருவன இவை. உதவித்தொகை விலைவாசிக்கு ஏற்ப உயர வேண்டும். மாதந்தோறும் தவறாமல் வர வேண்டும். போபாலையும் விசாகப்பட்டினத்தையும் பாடமாகக் கொண்ட செயல்முறைப் பாதுகாப்பு, எல்லா முதுநிலைப் படிப்புகளிலும் கட்டாயமாக வேண்டும். அடிப்படை மருந்துகளின் மூலப்பொருள் உற்பத்தி பொதுத்துறையில் மீண்டும் தொடங்க வேண்டும். அதற்கான ஆய்வுக்கு அரசு நிதி தர வேண்டும். ஆலைகளின் பாதுகாப்புக் கையேடு தொழிலாளர் பேசும் மொழியில் இருக்க வேண்டும்.

கடைசிக் கோரிக்கைக்கு அரசின் ஆணை வரும்வரை நாம் காத்திருக்க வேண்டியதில்லை. உங்களிடம் ஒன்றே ஒன்று கேட்கிறேன். உங்கள் ஆய்வேட்டை முடிக்கும்போது, நீங்கள் ஆராய்ந்த வினையில் எது ஆபத்து, எந்த அறிகுறி தெரிந்தால் தொழிலாளி என்ன செய்ய வேண்டும் என்பதை இரண்டு பக்கங்களில் உங்கள் தாய்மொழியில் எழுதுங்கள். தொழிற்சங்கத் தோழர்களிடம் அவற்றைச் சேர்ப்பது எங்கள் பொறுப்பு. தமிழில் எழுதுவோர் சொல் கிடைக்காமல் தடுமாறினால் என்னிடம் வாருங்கள். வினையை நீங்கள் விளக்குங்கள். சொல்லை நாம் சேர்ந்து தேடுவோம்.