மொத்தப் பாதையும் கைமாறும் வாயிலும்

(பஞ்சாயத்து உறுப்பினர்களுக்கான பயிற்சி முகாம் ஒன்றில் நிகழ்த்திய சொற்பொழிவு)



இன்று நான் பேச எடுத்துக்கொண்டிருக்கும் விஷயம் தங்களுக்குச் சற்றுப் புதிதாகத் தோன்றலாம். ஒரு நிறுவனத்தின் இணையப் பாதை மற்றொரு நிறுவனத்தின் இணையப் பாதையோடு எந்த இடத்தில், எந்த நிபந்தனைகளின்மேல் சேருகிறது என்பதே அவ்விஷயம். "இஃது எஞ்சினீயர்கள் கவனிக்கவேண்டிய காரியமல்லவா? எங்களுக்கு எதற்கு?" என்று தாங்கள் கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஆனால், 2020-ம் ஆண்டிலிருந்து பஞ்சாயத்துக் கணக்குகள் இ-கிராம சுவராஜ் என்னும் ஏற்பாட்டின் வழியாக இணையத்தில் எழுதப்பட்டு வருகின்றன. வேலை செய்தவருக்குப் பணம் பட்டுவாடா ஆவதும் இணையத்தின் வழியே. பாதை அற்றுப்போன நாளில் பஞ்சாயத்துச் செயலாளர் காகிதக் கட்டோடு பக்கத்து நகரத்துக்குப் பஸ் ஏறுகிறார். அற்றுப்போனது யாருடைய பாதை என்று கேட்டால், ஊருக்குச் சேவை தரும் நிறுவனம் மேலே இருப்பவரைக் காட்டுகிறது. மேலே இருப்பவர் ஊரில் இருப்பவரைக் காட்டுகிறார். இருவரும் சுட்டிக்காட்டிக்கொண்டிருக்கும் நாட்களில் நஷ்டம் அடைகிறவர்கள் நாம். ஆகவே இது நம் காரியமே.

நமக்குப் பழக்கமான ஒரு காரியத்தைக்கொண்டே இதை விளக்கப் பார்க்கிறேன். ஊர்ப் பால் உற்பத்தியாளர் கூட்டுறவுச் சங்கத்தில் காலையில் பாலை அளக்கிறார்கள். கொழுப்புச் சத்தைப் பார்த்து எழுதிக்கொள்கிறார்கள். அந்தப் பால் குளிர்விப்பு நிலையத்துக்குப் போய்ச் சேர்ந்ததும் மறுபடியும் அளந்து சோதிக்கிறார்கள். ஒரே பாலை ஏன் இருமுறை சோதிக்கவேண்டும்? பால் திரிந்துபோனால், அது சங்கத்திலேயே கெட்டதா, வண்டியில் கெட்டதா என்று தெரியவேண்டும். கைமாறுகிற இடத்தில் அளவு இல்லாவிட்டால் பொறுப்பும் இல்லை. இணையத்திலும் முறை இதுவே. கண்ணாடி இழையைப் போடுகிறவர் ஒருவர், அதன்மேல் சேவையை வாங்கி ஊர் ஜனங்களுக்கு விற்பவர் வேறொருவர் என்று ஏற்படும்பொழுது, இருவருக்கும் நடுவே கைமாறுகிற இடம் ஒன்று உண்டாகிறது. அந்த இடத்தைப் பற்றித்தான் நான் பேசப்போகிறேன்.

இழை போடுகிறவரும் சேவை விற்பவரும் ஏன் வேறுவேறாக இருக்கவேண்டும்? ஐந்நூறு வீடுகள் உள்ள கிராமத்துக்கு நான்கு நிறுவனங்கள் நான்கு இழைகளைக் கொண்டுவந்தால் ஒன்றுக்கும் செலவு கட்டுப்படியாகாது. ஒரே நிறுவனம் கொண்டுவந்து தானே விற்பதானால், அது சொன்னதே விலை. இவ்விரண்டு கஷ்டங்களையும் தவிர்க்கக் கண்ட வழிதான் மொத்த வியாபார முறை. பொதுப் பணத்தில் ஒரு பாதையை அமைத்து, அதில் இடம் கேட்கும் எல்லா நிறுவனங்களுக்கும் ஒரே விதமான நிபந்தனைகளின்மேல் மொத்தமாக இடம் கொடுப்பது. சில்லறை வியாபாரத்தை அவர்களிடம் விட்டுவிடுவது.

இந்த உத்தேசத்தோடுதான் மத்திய சர்க்கார் 2011-ம் ஆண்டு அக்டோபர் மாதம் தேசியக் கண்ணாடி இழை வலையமைப்புத் திட்டத்துக்கு அனுமதி அளித்தது. ஏறத்தாழ இரண்டரை லட்சம் கிராம பஞ்சாயத்துக்களை இணைப்பது நோக்கம். 2015-ல் இதற்கு பாரத்நெட் என்று பெயர் மாற்றினார்கள். தொலைபேசி நிறுவனங்கள் தங்கள் வருமானத்தில் நூற்றுக்கு ஐந்து வீதம் செலுத்தும் தொகையிலிருந்து 2002-ல் ஏற்படுத்தப்பட்ட நிதியே இதற்கு மூலதனம். 2023-ம் ஆண்டுத் தொலைத்தொடர்புச் சட்டம் அந்நிதிக்கு டிஜிட்டல் பாரத் நிதி என்று பெயரிட்டது. தமிழ்நாட்டில் இவ்வேலை தமிழ்நாடு கண்ணாடி இழை வலையமைப்பு நிறுவனத்தின் பொறுப்பில் விடப்பட்டது. 12,525 கிராம பஞ்சாயத்துக்களுக்கு விநாடிக்கு ஒரு கிகாபிட் அளவில் பாதை கொண்டுசெல்வது ஏற்பாடு. இழையின் பெரும்பகுதி மின்கம்பங்களின்மேல் செல்கிறது.

முதற்கட்டத்தில், இழை பஞ்சாயத்து அலுவலகம்வரை வந்துவிட்டால் பஞ்சாயத்து இணைக்கப்பட்டதாகப் பல மாநிலங்களில் கணக்கெழுதினார்கள். அது சரியான கணக்கல்ல என்பது என் அபிப்பிராயம். வாய்க்கால் வெட்டி முடிந்தது என்பதனால் வயலில் தண்ணீர் பாய்ந்துவிட்டதாக எந்த விவசாயியும் சொல்லமாட்டார். 2023 ஆகஸ்டில் 1,39,579 கோடி ரூபாயில் அங்கீகரிக்கப்பட்ட திருத்திய திட்டம் பத்தாண்டுப் பராமரிப்பையும் ஒப்பந்தத்திலேயே சேர்த்திருக்கிறது. ஒருபக்கம் அறுந்தாலும் மறுபக்கம் சுற்றிவர வளைய அமைப்பையும் வைத்திருக்கிறது. இவை நல்ல திருத்தங்கள்.

இனி, பாதையில் என்ன போகிறது என்று பார்ப்போம். ஈதர்நெட் என்னும் முறை 1973-ல் அமெரிக்காவில் ஜெராக்ஸ் கம்பெனியின் ஆராய்ச்சிச் சாலையில் ராபர்ட் மெட்காஃப், டேவிட் பாக்ஸ் என்பவர்களால் உருவாக்கப்பட்டது. ஒரே கட்டடத்துக்குள் இருக்கும் கணிப்பொறிகள் ஒன்றோடொன்று பேசிக்கொள்வதற்காக ஏற்பட்ட சிறிய ஏற்பாடு அது. செய்தியைச் சிறு சிறு பொதிகளாகக் கட்டி, ஒவ்வொன்றின்மேலும் விலாசம் எழுதி அனுப்புவதே அம்முறை. மலிவாகவும் எளிதாகவும் இருந்தபடியால் நாளடைவில் கட்டடத்தை விட்டு வெளியேறி, நகரங்களையும் மாநிலங்களையும் இணைக்கும் பாதைகளுக்கும் அதுவே பொதுவாயிற்று. முன்பு அகலப்பாதை ரயிலும் மீட்டர்பாதை ரயிலும் சந்திக்கும் நிலையங்களில் சரக்கை இறக்கி ஏற்றவேண்டியிருந்ததைப் பெரியவர்கள் அறிவார்கள். எல்லாரும் ஈதர்நெட் பொதிகளாகவே அனுப்பினால் அந்த இறக்குக்கூலி ஏற்றுக்கூலி இல்லை. ஒருவர் பாதையிலிருந்து அடுத்தவர் பாதைக்குப் பொதி அப்படியே போகலாம். ஆனால் இரு நிறுவனங்களின் பாதைகள் சேரும் வாயிலில் என்னென்ன ஒத்திருக்கவேண்டும் என்று யாராவது எழுதிவைக்கவேண்டுமல்லவா? 2001-ல் ஏற்பட்ட மெட்ரோ ஈதர்நெட் மன்றம் என்னும் சபை, 2010-ல் அந்த விதிகளை வெளியிட்டது.

அவ்விதிகளில் நமக்கு வேண்டியவை மூன்று.

முதலாவது, சீட்டு. பல பஞ்சாயத்துக்களின் பொதிகள் ஒரே வாயிலின் வழியாகக் கைமாறும்பொழுது எது எந்த ஊருடையது என்று அறிய ஒவ்வொரு பொதிமேலும் எண் எழுதிய சீட்டு ஒட்டப்படுகிறது. ஒரு சீட்டில் 4,094 எண்களே உபயோகத்துக்குக் கிடைக்கும். நம் மாநிலத்துப் பஞ்சாயத்துக்களோ பன்னிரண்டாயிரத்துக்கு மேல். ஆகவே சீட்டின்மேல் சீட்டு ஒட்டுகிறார்கள்; உள்ளேயுள்ளது சில்லறை நிறுவனத்தின் எண், மேலேயுள்ளது மொத்தப் பாதைக்காரரின் எண். இரு தரப்பாரும் எண்களை முன்னதாக எழுதி ஒத்துப்பார்த்துக்கொள்ளாவிட்டால் ஓர் ஊரின் பொதி எங்கும் போய்ச் சேராமல் மறையும். சாதனத்தில் விளக்கெல்லாம் எரிந்துகொண்டிருக்கும். சேவை மட்டும் இராது.

இரண்டாவது, பொதியின் அளவு. சாதாரண ஈதர்நெட் பொதி 1,518 பைட்டுக்கு மேற்படாது. ஒரு சீட்டுக்கு நான்கு பைட்டு வீதம் இரண்டு சீட்டு ஒட்டினால் 1,526 ஆகிறது. வாயிலில் இருக்கும் சாதனத்தைப் பழைய அளவிலேயே வைத்துவிட்டார்களானால் என்ன நேரும்? சிறு பொதிகள் தாராளமாகப் போகும். முழுப்பொதிகள் மட்டும் தடுக்கப்பட்டு விழுந்துவிடும். "இணைப்பு இருக்கிறதா?" என்று சோதித்தால் இருக்கிறது என்று பதில் வரும்; பட்டா நகலை அனுப்பப் பார்த்தால் பாதியில் நின்றுவிடும். இப்படிப்பட்ட கோளாறில் இரு தரப்பாரும் "எங்கள் பக்கம் சரியாக இருக்கிறது" என்று சத்தியம் செய்வார்கள். இருவர் சொல்வதும் உண்மையாகவே இருக்கும். கோளாறு இருப்பது வாயிலில்.

மூன்றாவது, வேகம். இதைத் தாங்கள் ஊன்றிக் கவனிக்கவேண்டும். மொத்தப் பாதைக்காரர் சில்லறை நிறுவனத்துக்கு விற்கும் வேகத்தில் இரண்டு வகை உண்டு. எந்நேரமும் கொடுப்பதாக உறுதி கூறிய வேகம் ஒன்று. இடமிருந்தால் கொடுக்கும் மேல்வேகம் மற்றொன்று. உறுதி கூறிய அளவுக்குள் வரும் பொதிக்குப் பச்சை நிறம் என்றும், அதற்கு மேற்பட்டதற்கு மஞ்சள் என்றும், அதையும் தாண்டியதற்குச் சிவப்பு என்றும் பெயர். பச்சை போயே தீரவேண்டும். மஞ்சள் நெரிசல் இல்லாதபோது போகும். சிவப்பு வாயிலிலேயே தள்ளப்படும். தங்கள் ஊரில் ஒரு நிறுவனம் "நூறு மெகாபிட்" என்று விளம்பரம் செய்தால், அதில் பச்சை எவ்வளவு என்று கேளுங்கள். வீடுகளுக்குப் பிரிக்கும் ஜிபான் முறையில் சுமார் 2,488 மெகாபிட் வேகம் 32 வீடுகளுக்குப் பங்காகும். எல்லாரும் ஒரே சமயத்தில் உபயோகித்தால் வீட்டுக்கு 77 மெகாபிட். அதுவும் யூனியன் வரை போகும் மேற்பாதையில் அவ்வளவு இடம் வாங்கியிருந்தால்தான். நூறு மெகாபிட் மட்டும் மொத்தத்தில் வாங்கி ஐம்பது வீடுகளுக்கு விற்றிருந்தால், மாலை ஏழு மணிக்கு வீட்டுக்கு இரண்டு மெகாபிட்தான் மிஞ்சும். கடைமடைக்காரருக்கு நான் இதை விளக்கவேண்டியதில்லை.

வாயில் குறுகினால் என்னவாகும் என்பதற்கு நம் நாட்டிலேயே ஒரு பெரிய உதாரணம் உண்டு. அது தொலைபேசியைப் பற்றியது. ஆனால் தத்துவம் ஒன்றே. 2016-ம் ஆண்டு செப்டம்பரில் ஒரு புதிய செல்பேசி நிறுவனம் சேவையைத் தொடங்கியபொழுது, அதிலிருந்து பழைய நிறுவனங்களின் வாடிக்கைக்காரர்களுக்குப் பேசுவதற்கான வாயில்கள் போதவில்லை. ஆயிரம் அழைப்புகளில் ஐந்துக்கு மேல் வாயிலில் தடைப்படலாகாது என்பது விதி. ஆனால் லட்சக்கணக்கான அழைப்புகள் தினந்தோறும் தடைப்பட்டன. தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையம் விசாரித்து, மூன்று பழைய நிறுவனங்களுக்கு மொத்தம் 3,050 கோடி ரூபாய் அபராதம் விதிக்கும்படி அதே ஆண்டு அக்டோபரில் சிபாரிசு செய்தது. பின்னர் 2018-ல் வெளியிட்ட விதிகளில், இணைப்பு ஒப்பந்தம் கேட்டவருக்கு 30 நாட்களுக்குள் பாரபட்சமின்றி அளிக்கவேண்டும் என்று வரையறுத்தது. அழைப்பைப் பெற்றுக்கொள்ளும் நிறுவனத்துக்கு அனுப்பும் நிறுவனம் நிமிஷத்துக்கு 14 பைசா கொடுத்து வந்தது. 2017 அக்டோபரில் அது 6 பைசாவாகக் குறைந்து, 2021 ஜனவரி முதல் தேதியிலிருந்து இல்லாமலே போயிற்று. செல்பேசியில் பேசுவதற்குத் தனிக்கட்டணம் மறைந்ததில் இந்த மாற்றத்துக்கும் பங்குண்டு. வாயிலில் வசூலிக்கும் சுங்கம் கடைசியில் நம் தலையில்தான் விழுகிறது.

மேலும் ஒரு வாயிலைப் பற்றிச் சொல்லவேண்டும். பக்கத்துப் பக்கத்து ஊர்கள் இரண்டு வெவ்வேறு நிறுவனங்களிடம் சேவை பெறுகின்றன என்று வைத்துக்கொள்ளுங்கள். அவ்விரண்டும் அருகில் எங்கும் சந்திக்காவிட்டால், இந்த ஊர்ச் செய்தி கடலடிக் கம்பியில் சிங்கப்பூர்வரை போய்த் திரும்பி அந்த ஊருக்கு வரவேண்டியிருக்கும். இந்த வீண் பிரயாணத்தைத் தடுப்பதற்காக 2003-ல் இந்திய தேசிய இணையச் சந்திப்பு நிலையம் ஏற்பட்டது. அது இலாப நோக்கமற்றது. தொடக்கத்தில் அமைந்த நான்கு நிலையங்களில் சென்னையும் ஒன்று. தங்கள் ஊரில் சேவை செய்ய வரும் சிறு நிறுவனம் சென்னை நிலையத்தில் நேராகவோ மற்றொருவர் மூலமாகவோ சேர்ந்திருக்கிறதா என்று விசாரிப்பது நலம்.

இவ்வளவும் தெரிந்தபின் பஞ்சாயத்து என்ன செய்யலாம்? எந்த நிறுவனம் தங்கள் கட்டடத்தில் இடம் கேட்டு வந்தாலும், அதன் பொறுப்பு எந்த இடத்தில் தொடங்கி எந்த இடத்தில் முடிகிறது என்பதை எழுத்தில் வாங்குங்கள். "பஞ்சாயத்து அலுவலகத்துப் பெட்டியின் இன்ன துளைவரை மொத்தப் பாதைக்காரர், அதற்கப்பால் நாங்கள்" என்று ஒரு வரி இருந்தால் போதும். பாதிச் சண்டை தீர்ந்தது. சேவை தொடங்கும் நாளில் சோதனை செய்த எண்களின் நகல் ஒன்றைக் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு சீட்டோடு கூடிய முழுப்பொதி சென்றதா என்பது அதில் இருக்கட்டும். இரு முனைகளிலும் உள்ள சாதனங்கள் ஒன்றுக்கொன்று இடைவிடாமல் "இருக்கிறேன்" என்று சொல்லிக்கொள்ளும் வசதி ஈதர்நெட்டில் உண்டு. எந்தத் துண்டில் அது நின்றது என்பதை மேலிருந்தே காணலாம். அவ்வசதியைத் திறந்து வைத்திருக்கிறார்களா என்று கேட்பதற்கு எஞ்சினீயர் படிப்பு வேண்டியதில்லை.

ஒரு பழுதுப் புத்தகமும் வைக்கவேண்டும். இணைப்பு நின்ற தேதி, மணி, அப்போது மின்சாரம் இருந்ததா, யாரிடம் சொன்னது, திரும்பிய மணி. இவ்வளவே. மின்சாரத்தைப் பற்றி நான் குறிப்பாகச் சொல்லுவதற்குக் காரணம் உண்டு. பாதை நின்றது என்று எழுதப்படுபவற்றில் சில, யாரோ அந்தப் பெட்டியின் பிளக்கைப் பிடுங்கி மின்விசிறிக்கு மாட்டியதால் நின்றவை. நம் பக்கத்தில் அந்தக் குறை இல்லையென்று புத்தகம் காட்டினால்தான் நம் புகார் நிற்கும்.

இடைவேளையில் ஓர் உறுப்பினர், தம் ஊர்க் கேபிள் டிவிக்காரர் இந்தப் பாதையை வாங்கி வீடுகளுக்குக் கொடுக்கலாமா என்று கேட்டார். கொடுக்கலாம். இணையச் சேவைக்கான உரிமம் அவர் பெற்றிருக்கவேண்டும். அல்லது உரிமம் பெற்ற நிறுவனத்தின் முகவராக இருக்கவேண்டும். மொத்தப் பாதை எல்லாருக்கும் பொதுவென்று ஏற்பட்டிருப்பதால், பெரிய நிறுவனத்துக்கு உள்ள நிபந்தனையே அவருக்கும். அவரிடமும் மேலே சொன்ன கேள்விகளைத் தயங்காமல் கேளுங்கள். தெரிந்தவர் என்பதற்காக விட்டுவிட வேண்டாம்.

கடைசியாக, தோண்டும் வேலை. குடிநீர்க் குழாய்க்கும் சாலைக்கும் ஜேசிபியை இறக்குகிறவர்கள் பெரும்பாலும் நம் ஒப்பந்தக்காரர்களே. இப்படிக் கேட்காமல் தோண்டுவதால் நாட்டில் ஆண்டுக்குச் சுமார் 3,000 கோடி ரூபாய் நஷ்டம் என்று மத்திய சர்க்கார் கூறியிருக்கிறது. 2023 மார்ச் 22-ம் தேதி தொடங்கிய "தோண்டுமுன் அழையுங்கள்" என்னும் செல்பேசிச் செயலியில் இடத்தையும் நாளையும் பதிவுசெய்தால், அங்கே இழையோ குழாயோ புதைத்திருப்பவர்களுக்குத் தகவல் போகிறது. வேலை உத்தரவு கொடுக்கும் காகிதத்திலேயே இப்பதிவைச் செய்யவேண்டும் என்று ஒரு நிபந்தனை எழுதி, அதன் நகலைச் செயலாளரிடம் கொடுத்துவைக்கும்படி கேட்டுக்கொள்கிறேன்.